கடலுக்கடியில் காய்ந்த சேறு

என் மகள் பஸ்னாவுக்கு மாப்பிள்ளை பேசி வந்த தரகர், மாப்பிள்ளை கடலுக்குள் கிணறு தோண்டுகிறவர் என்று நாக்கூசாமல் சொன்னார். தரகர்மார் கழுதையைக் காட்டிக் குதிரை என்று விற்கிறவர்கள்தான். ஆனாலும் கடலில் கிணறு என்ற கதையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கடலில் தண்ணீருக்கு என்ன பஞ்சம், அங்கே போய் ஏன் கிணறு தோண்ட வேண்டும் என்று கேட்டேன். என் கணவர் ஸஹீத் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து வெளியே போய்விட்டார்.

விசாரித்துப் பார்த்ததில் கதை பொய்யில்லை. மாப்பிள்ளை றிப்தி, வரிப்பத்தான்சேனை என்ற ஊரில் வயற்காரர் ஒருவரின் மகன். சின்ன வயதில் கடலைக் கண்டதே பெருநாளைக்குப் பெருநாள்தான். வெளிநாட்டில் மண்ணையும் பாறையையும் பற்றிப் படித்த காலத்தில், சுமாத்திராப் பக்கம் போன ஆராய்ச்சிக் கப்பல் ஒன்றில் இரண்டு மாதம் இருந்திருக்கிறார். நடுக்கடலில் கப்பலை நிறுத்தி, குழாயை இறக்கி, கடலின் அடியைத் துளைத்து, அங்கே கிடக்கிற சேற்றையும் கல்லையும் நீள நீளமாக வெளியே எடுக்கிற வேலை. சுனாமி கிளம்பிய இடத்துக்கு அது பக்கமாம். எடுத்த சேற்றை வைத்து, பூமி ஏன் அவ்வளவு பெரிதாகக் குலுங்கியது, கடல் ஏன் அவ்வளவு உயரம் எழும்பியது என்று கண்டுபிடிப்பார்களாம். செத்த பிறகு வைத்தியம் என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். ஆனால் பிள்ளை நல்ல பிள்ளை, தொழுகையுள்ள பிள்ளை, இங்கேயே பல்கலைக்கழகத்தில் படிப்பிக்க வந்துவிட்ட பிள்ளை. முடித்துக் கொடுத்தோம். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடி வந்தார்.

எங்கள் வீட்டில் ஒரு பின்னறை இருக்கிறது. அதில் என் மூத்த சகோதரி ஸைனம்பு ராத்தா இருக்கிறாள். அவளுக்காகத்தான் இதைச் சொல்ல வந்தேன்.

சுனாமிக்கு முன்னர் நாங்கள் கடற்கரையோரம் இருந்தோம். உம்மாவின் வளவுக் காணியை இரண்டாகப் பிரித்து, கடற்பக்கம் ராத்தாவுக்கும் தெருப்பக்கம் எனக்குமாக வாப்பா இரண்டு வீடு கட்டித் தந்திருந்தார். சுனாமி வந்த வருடம் ராத்தாவின் கணவர் முகம்மது தம்பி மச்சான், நாவிதன்வெளியில் வயல் பார்க்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரம்பில் சாய்ந்தார். வீட்டுக்கு மையித்தாகத்தான் வந்தார். ராத்தா இத்தா இருந்தாள். புருசனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்கிற காலம் அது. அவளுக்கு ஒரே பிள்ளை, அம்ஹா. ஒன்பது வயது. வாயை மூடினால் காய்ச்சல் வந்துவிடுமோ என்று பயந்தது போலப் பேசிக்கொண்டே இருக்கும்.

அம்ஹா ஒரு ஆட்டுக்குட்டி வளர்த்தாள். ஒரு மாலை அது கயிற்றை அறுத்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடியது. பிள்ளை ஆட்டின் பின்னால் ஓட, பொழுது மங்குகிறதே என்று ராத்தா பிள்ளையின் பின்னால் ஓடினாள். கரையில் ஆளில்லை. ஆட்டைப் பிடித்தாயிற்று, பிள்ளையையும் பிடித்தாயிற்று, உடனே திரும்பியிருக்கலாம். அவள் திரும்பவில்லை. ஜன்னல் மூடிய அறைக்குள் மூன்று மாதம் வெந்தவள் மேல் காற்றுப் பட்டது. பிள்ளை சிப்பி பொறுக்கியது, இவள் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அவ்வளவுதான் நடந்தது. அந்தக் கிழமை ஞாயிற்றுக்கிழமை கடல் வந்தது.

அன்று காலை அம்ஹா என் முற்றத்தில் பஸ்னாவோடு விளையாடிக்கொண்டிருந்தாள். பஸ்னாவுக்கு அப்போது ஐந்து வயது. தெருவில் ஆட்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். என்னவென்று எனக்கு விளங்குவதற்குள், உம்மா உள்ளே இருக்கிறா என்று சொல்லிக்கொண்டு அம்ஹா பின்வீட்டுக்கு ஓடிவிட்டாள். ராத்தாவோ ஆண்களின் சத்தம் கேட்டுத் தெருவில் ஏதோ சண்டை என்று நினைத்திருக்கிறாள். பிள்ளை வந்து கையைப் பிடித்து இழுத்தபோதும், இத்தாக்காரி இப்படியே எப்படி ஆண்களுக்கு முன்னால் போவது என்று, மூடிக்கொள்ள ஒரு துணி தேடியிருக்கிறாள். உயிருக்கு ஆபத்தென்றால் உடுத்த உடுப்போடு ஓடலாம், மார்க்கத்தில் அதற்கு இடமிருக்கிறது என்று எங்கள் பள்ளிவாசல் மௌலவி பிறகு எத்தனையோ தடவை சொன்னார். அந்த நேரத்தில் அது யாருக்கு நினைவு வரும்? தண்ணீர் கதவையும் பெயர்த்துக்கொண்டு வந்தது. ராத்தாவைத் தென்னந்தோப்புக்குள் குற்றுயிராக எடுத்தார்கள். அம்ஹாவை எடுக்கவில்லை. இன்றுவரை எடுக்கவில்லை.

நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதியாக இருந்தோம். எங்கிருந்தோ வந்த ஒரு பிரசங்கி அங்கே ஒலிபெருக்கி வைத்துப் பேசினார். பெண்கள் எல்லை மீறினார்கள், அதனால்தான் கடல் எல்லை மீறியது என்றார். பேச்சு என்னவோ சந்தத்தோடுதான் இருந்தது. எந்த ஊர், என்ன பெயர் என்று யாருக்கும் தெரியாது. பேசி முடித்ததும் வந்த வான் வண்டியில் ஏறிப் போய்விட்டார். என் கையில் அகப்பட்டிருந்தால் வான் ஏறியிருக்க மாட்டார். அன்றைக்குத்தான் ராத்தா ஆட்டுக்குட்டிக் கதையை எனக்குச் சொன்னாள்.

"காத்து நல்லா இருந்திச்சு சஹ்லா. ஆட்டுக்காக இல்ல, காத்துக்காகத்தான் நிண்டன்" என்றாள்.

அவளுடைய இத்தா அதற்குப் பிறகு முடியவேயில்லை. வீட்டுத்திட்டத்தில் எங்களுக்கு வீடு கிடைத்தது, மற்றவர்கள் மெல்ல மெல்ல எழும்பினார்கள், பிள்ளைகளை இழந்தவர்கள் மீண்டும் பிள்ளை பெற்றார்கள். ராத்தா வெள்ளையைக் கழற்றவில்லை, வளவைத் தாண்டவில்லை. திங்களும் வியாழனும் நோன்பு. சித்திரை வெயிலிலும் அறையில் மின்விசிறி போட விடமாட்டாள். ஆறுதல் சொல்ல வந்தவர்களைக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்தினாள். பிள்ளையைக் கொன்றவளுக்கு ஆறுதல் என்னத்துக்கு என்று முகத்துக்கு நேரே கேட்டாள். அம்ஹாவின் பெயரில் குர்ஆன் ஓதி ஒரு கத்தம் கொடுக்க விடவில்லை. எல்லாவற்றையும் விட எனக்குப் பொறுக்காதது, அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தண்டனை பெற்றவள் அழுதால் அது அல்லாஹ்வின் மேலேயே முறைப்பாடு வைப்பது என்பது அவளுடைய நியாயம்.

நான் சும்மா இருக்கிறவளில்லை. எத்தனையோ நாள் சண்டை பிடித்தேன். உன்னுடைய ஒரு ஆட்டுக்குட்டிக்காக இந்தோனேசியாவிலும் இந்தியாவிலும் அத்தனை சனத்தை அல்லாஹ் அழிப்பானா, உனக்கு உன்னைப் பற்றி அவ்வளவு பெரிய எண்ணமா என்று கூடக் கேட்டேன். அவள் கோபிக்கவில்லை. மற்றவர்களின் கணக்கு மற்றவர்களுக்கு, என் கணக்கு எனக்கு என்றாள். மௌலவி வந்து கதவுக்கு இப்பால் இருந்து எடுத்துச் சொன்னார். அவர் சொன்னதற்கெல்லாம் ஓம், சரி என்றாள். அவர் போனதும் பழையபடி தஸ்பீஹ் மணியைக் கையில் எடுத்தாள். செவிடன் காதில் சங்கு ஊதினால் செவிடனுக்கு அலுப்பில்லை, ஊதுகிறவனுக்குத்தான் அலுப்பு. நான் அலுத்துப்போனேன்.

இப்படியே இருபது வருடம் போயிற்று. இருபதாவது நினைவு நாளுக்குப் பள்ளிக்கூடமொன்றில் கூட்டம் வைத்து, மருமகனைப் பேசக் கேட்டார்கள். எங்கள் ஊரில் இதைப் பற்றிப் பேச எங்கள் வீட்டிலேயே ஒரு ஆள் இருக்கிறார் என்பதில் ஸஹீதுக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டத்துக்கு முந்திய திங்கட்கிழமை, அஸர் தொழுதுவிட்டு வந்த றிப்தி, சனத்துக்கு விளங்குகிற மாதிரிப் பேச வேண்டும், முதலில் உங்களுக்குச் சொல்லிப் பார்க்கிறேன், விளங்காவிட்டால் சொல்லுங்கள் என்றார். நானும் பஸ்னாவும் ஸஹீதும் ஹோலில் உட்கார்ந்தோம். ராத்தாவுக்கு அவர் அந்நிய ஆண். கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து அவர் பின்னறைத் திரைச்சீலையைப் பார்த்து ஸலாம் சொல்வார், உள்ளிருந்து மெல்லிய குரலில் பதில் வரும். அதற்கு மேல் ஒரு சொல் கதைத்ததில்லை. அன்றும் திரைச்சீலை இழுத்துத்தான் கிடந்தது.

றிப்தி போனில் படம் காட்டினார். கப்பலின் நடுவில் கோபுரம் போல ஒன்று. நாலு கிலோமீற்றர் தண்ணீர், அதற்குக் கீழே இன்னும் ஒன்றரைக் கிலோமீற்றர் துளைத்தார்களாம். வெளியே வந்த சேறு நீளமாக, சாம்பல் நிறத்தில், பெரிய பிட்டுக்குழாயில் இருந்து தள்ளிவிட்டது போலக் கிடந்தது. அந்தச் சேறு இமயமலையில் இருந்து ஆறுகள் கொண்டுவந்து வங்காளக் குடாவில் கொட்டியது என்றார். கொட்டக் கொட்ட மலை போல உயர்ந்து, கீழே கிடந்தது மேலே கிடந்ததன் பாரத்தில் நசுங்கி, பூமியின் சூட்டில் வெந்து, உள்ளே இருந்த தண்ணீரெல்லாம் கழன்றுபோய் இறுகிவிட்டது. கடலின் அடி மெல்ல மெல்ல நகர்ந்து சுமாத்திராவுக்குக் கீழே நுழைகிற இடத்துக்கு அந்தச் சேறு போய்ச் சேர முதலே இறுகிவிட்டது என்பதைத்தான் இவர்கள் கண்டுபிடித்தார்களாம்.

இறுகினால் என்ன, இறுகாவிட்டால் என்ன என்று ஸஹீத் கேட்டார். வயற்காரன் மகன் வயலை வைத்தே சொன்னார்.

"மாமா, சேத்து வயல்ல ஒரு அடி அடிச்சா என்ன நடக்கும்? அந்த அடி அங்கயே அடங்கிரும். தண்ணி வத்திக் காய்ஞ்ச வயல்ல அடிச்சுப் பாருங்க, வெடிப்பு மத்த வரம்பு வரைக்கும் ஓடும். கடலுக்கடியில இருந்தது காய்ஞ்ச வயல். அடி அடங்கல்ல. வெடிப்பு கடல் தரை வரைக்கும் வந்து, தரையத் தூக்கி விட்டுட்டு. அதுதான் கடல் எழும்பினது."

எனக்கே விளங்கிற்று. நல்லாயிருக்கு மகன், இப்படியே பேசுங்க என்று சொல்ல வாயெடுத்தேன்.

"மருமகன்" என்று ஒரு குரல் கேட்டது.

திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து. பஸ்னா என் கையைப் பிடித்தாள். றிப்தி எழுந்து நின்றார்.

"செல்லுங்க மாமி."

"அந்தச் சேறு எப்ப காய்ஞ்சது?"

"அது நம்ம கணக்குக்கு வராத காலம் மாமி. இலட்சக்கணக்கான வருசம். மனுசன் இல்லாத காலத்துல தொடங்கினது."

பிறகு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பது போலக் கேட்டாள்.

"அப்ப, அந்த மார்கழியில ஆரும் என்னவும் செஞ்சதால அது காயல்ல?"

"இல்ல மாமி. ஆரும் என்ன செஞ்சாலும், செய்யாம விட்டாலும், அது வந்துதான் இரிக்கும்."

அவருக்கு ஆட்டுக்குட்டியைப் பற்றித் தெரியாது. நாங்கள் சொல்லவில்லை. தெரியாமல் சொன்னதால்தான் அந்தச் சொல் உள்ளே போயிற்று என்று நினைக்கிறேன். என் சண்டையும் மௌலவியின் கிதாபும் இருபது வருடம் முட்டியும் திறக்காத இடத்தை, யாரோ ஒரு ஊர்ப் பிள்ளை சேற்றைக் காட்டித் திறந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்க்குள் சொன்னேன்.

அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். படிப்பிக்கிற ஆட்களுக்கு ஒரு கேள்வி கேட்டால் போதும், மணியடிக்கும் வரை நிறுத்தமாட்டார்கள். மாமி கேட்டுவிட்டாவே என்ற சந்தோசத்தில் பிள்ளை மேலே பேசினார். பூமி வெடித்தது அங்கே, அன்று காலை நம்முடைய நேரப்படி ஏழு மணி போல. அலை அங்கிருந்து நம்முடைய கரைக்கு வர எடுத்த நேரம் கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம்.

"ரெண்டு மணித்தியாலம் இருந்திச்சு மாமி. ஒரு ஆள் ஒரு போன் கோல் எடுத்துச் செல்லியிருந்தா, எங்கட சனம் புள்ளைகளக் கூட்டிக்கிட்டு நடந்தே மேல வந்திரிக்கும். ஓடக்கூடத் தேவயில்ல. இப்ப எண்டா கோபுரம் கட்டி சைரன் வெச்சிரிக்காங்க. இனி அப்படி நடக்காது" என்றார்.

பஸ்னா அவருடைய காலை மிதித்தாள். சொன்னது சொன்னதுதான்.

ஸஹீத் தொண்டையைச் செருமினார். பிறகு ராத்தா பேசினாள். எங்களிடம் பேசியது போல இல்லை.

"ஏழு மணிக்கு நான் அவட தல இழுத்துக்கிட்டிருந்தன். ஈர்க்கோலியால. நோகுதும்மா, விடும்மா எண்டு கத்தினா. நான் முதுகுல ஒண்டு போட்டன்."

அதற்குப் பிறகு வந்த சத்தத்தை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். நிலத்தில் குந்தியிருந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இருபது வருடத்துக் கண்ணீர். நான் அவளைக் கட்டிப்பிடித்து, உன்னில் குற்றமில்லை என்று தெரிந்துவிட்டதே, பிறகு ஏன் ராத்தா, ஏன் என்று கேட்டேன். நான் ஒரு மடைச்சி. அப்படியொரு கேள்வியை அவளிடம் கேட்டிருக்கக்கூடாது.

"குத்தம் என்னில இரிந்திச்சு எண்டா, அத நான் கழுவிக்கிட்டிருந்தன் சஹ்லா. நோன்பு புடிச்சன், தொழுதன், எல்லாம் அவக்காகத்தான். ஒருநாளைக்கு அல்லாஹ் போதுமெண்டு செல்லுவான் எண்டு இருந்தன். இப்ப கழுவ ஒண்டுமில்ல. ஆரும் என்னட்ட இருந்து அவவப் பறிக்கல்ல. சேறு காய்ஞ்சதால செத்துப்போயிட்டா. சும்மா செத்துப்போயிட்டா என்ட புள்ள."

எனக்கும் அழுகைதான் வந்தது. அம்ஹாவுக்காக நான் அழுதும் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது.

வெளியே வந்தபோது றிப்தி சுவரோடு ஒட்டி நின்றார். கண் கலங்கியிருந்தது. நான் என்ன மாமி பிழையாகச் சொல்லிப்போட்டேன் என்று கேட்டார். பஸ்னா அதற்குள் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லியிருந்தாள்.

"பிழையா ஒண்டும் செல்லல்ல மகன்" என்றேன். "சரியாத்தான் சென்னீங்க."

பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

விடிந்ததும் நான் குசினிக்குப் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தேன். பின்னால் ராத்தா வந்து நின்றாள். முகம் வீங்கிக் கிடந்தது. கண்கள் மட்டும் பழைய கண்கள், மச்சான் உயிரோடு இருந்த காலத்துக் கண்கள்.

"சஹ்லா, அடுப்பு மூட்டாத" என்றாள்.

ஏன் என்று கேட்டேன்.

"மவுத்து வீட்டுல அடுப்பு மூட்டுறல்லயே."

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் மவுத்து விழுந்தால் மூன்று நாளைக்கு அந்த வீட்டில் சமைக்கமாட்டார்கள். அக்கம்பக்கம் சோறு கொண்டுவரும். சுனாமி வந்த வருடம் யாரும் யாருக்கும் சோறு கொண்டுபோகவில்லை. எல்லா வீடும் மவுத்து வீடு, வீடுகளும் இல்லை. பார்சல் சோறுதான் தின்றோம்.

கேத்தலை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டு நபீஸாவிடம் போனேன். சுனாமியில் இரண்டு ஆண்பிள்ளைகளைக் கொடுத்தவள் அவள். எங்கள் வீட்டில் இன்றைக்குச் சமையல் இல்லை என்றேன். அவள் பதறிப்போய், ஆர் மவுத்து என்று கேட்டாள்.

"அம்ஹா" என்றேன்.

எனக்குப் பைத்தியம் என்று நினைப்பாள் என்றுதான் நினைத்தேன். நபீஸா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, மவுத்துச் செய்திக்கு ஓதுகிற இன்னாலில்லாஹியை ஓதினாள். உள்ளே போய்ப் பெரிய பானையை இறக்கிக் கழுவத் தொடங்கினாள்.

நான் திரும்பி வந்தபோது, ஆண்கள் வந்தால் உட்கார றிப்தி முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஸஹீத் தொப்பியைப் போட்டுக்கொண்டு முதல் கதிரையில் உட்கார்ந்தார். வெயில் ஏறுவதற்குள் வீட்டுத்திட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பெண்கள் ஒவ்வொருவராக வந்து பின்னறைக்குள் போனார்கள். ராத்தா பாயில் இருந்து எல்லாருக்கும் கை கொடுத்தாள், எல்லாரும் சொன்ன ஆறுதலையும் வாங்கிக்கொண்டாள். எப்போது நடந்தது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. அவரவர் வீட்டிலும் அவரவருக்கு ஒன்று இருந்தது.

நபீஸாவின் கடைசி மகள் றினோஸா சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சுனாமிக்குப் பிறகு பிறந்தவள், பழைய கதை ஒன்றும் தெரியாதவள். சட்டியை இறக்கி வைத்துவிட்டு, மவுத்து வீட்டில் எல்லாரும் கேட்பது போலவே மெல்லக் கேட்டாள்.

"புள்ளைக்கு எத்தின வயசு பெரியம்மா?"

"ஒம்பது" என்றாள் ராத்தா.